மொட்டை மாடிக்கு எந்த நிறம்?

2026ஆம் ஆண்டின் நிறம் எது என்ற கேள்விக்கு உலகின் பெரிய நிறுவனங்கள் ஆளுக்கொரு பதில் சொல்லியிருக்கின்றன. பான்டோன், 'கிளவுட் டான்சர்' என்று பெயரிட்ட ஒரு வெள்ளையை முன்வைத்தது. பெஞ்சமின் மூர், கரியை நெருங்கும் 'சிலுவெட்' என்ற அடர்பழுப்பைத் தேர்ந்தெடுத்தது. ஷெர்வின் வில்லியம்ஸ் காக்கி என்றது. டியூலக்ஸ் ஒன்றுக்கு மூன்றாக நீலங்களைக் கொடுத்தது. மக்களின் மனநிலையை ஆராய்ந்து அடுத்த ஆண்டைக் கணிப்பதாகச் சொல்லும் நால்வர் நான்கு திசையில் நிற்கிறார்கள் என்றால், அதற்குக் கணிப்பு என்று பெயர் சொல்ல முடியாது, வியாபாரம். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. பான்டோன் சுவர் பெயிண்டை நம்பிப் பிழைக்கும் நிறுவனம்கூட இல்லை. ஒரு நிறத்தை எந்த ஊர் அச்சகத்திலும் துணி ஆலையிலும் ஒரே மாதிரி கொண்டுவருவதற்கான அளவுகோல்களை விற்பதுதான் அதன் தொழில். 2000ஆம் ஆண்டுக்கு ஒரு வான்நீலத்தை அறிவித்துத் தொடங்கிய அதன் விளம்பரச் சடங்கு, பத்திரிகைகளுக்கு டிசம்பர் மாதச் செய்தியாக நிலைத்துவிட்டது. 2021இல் சாம்பலும் மஞ்சளும் வந்தன. 2023இல் மெஜந்தா, 2025இல் காபி கலந்த பழுப்பு. வீட்டின் வெளிப்புறம் அடித்த நல்ல பெயிண்ட் ஐந்தாறு வருஷமாவது தாங்க வேண்டும். அதற்குள் ஐந்தாறு 'ஆண்டின் நிறங்கள்' வந்து போய்விடும்.

இந்த அறிவிப்புகள் துணிக்கும் கைப்பேசி உறைக்கும் பொருந்துகிறவரை நமக்குக் கவலை இல்லை. ஆனால் கடந்த சில ஆண்டுகளில் தமிழ்நாட்டின் எந்த ஊர் எல்லையிலும் புதிதாக எழும் வீடுகளைக் கவனித்தால் ஒரு பொதுச் சீருடை தெரிகிறது. எலிவேஷனில் அடர் சாம்பல், அதன்மேல் ஒரு பட்டையாக மரநிறத்தில் ஏசிபி ஷீட், கறுப்பு ஜன்னல் சட்டம், கறுப்பு கேட். உள்ளே சாம்பலும் பழுப்பும் கலந்த ஒரு மங்கல், மேட் லேமினேட் அலமாரிகள், ஃபால்ஸ் சீலிங்கின் விளிம்பில் ஒளிந்திருக்கும் விளக்கு. சுவர், கூரை, கதவு, சட்டம் என அனைத்தையும் ஒரே அடர்நிறத்தில் முக்கி எடுப்பது இப்போதைய புது மோஸ்தர். மதுரையிலும் நாகர்கோவிலிலும் இப்படிக் கட்டப்படும் வீட்டின் படத்தை டென்மார்க்கில் ஒரு தெருவில் ஒட்டினால் யாரும் வித்தியாசம் காண மாட்டார்கள்.

உலகமே நிறம் வற்றிப் போகிறது என்பதற்குச் சான்றும் இருக்கிறது. பிரிட்டனின் அறிவியல் அருங்காட்சியகக் குழுமம் தன் சேகரிப்பில் உள்ள 7,000-க்கும் மேற்பட்ட அன்றாடப் பொருள்களின் படங்களைக் கணினியால் ஆராய்ந்து 2020இல் வெளியிட்டது. 1800 முதல் இன்றுவரையிலான பொருள்களில் பழுப்பும் மஞ்சளும் மெல்லக் குறைந்து சாம்பல் ஏறிக்கொண்டே வந்திருப்பது அதில் தெரிந்தது. மரம் போய் பிளாஸ்டிக்கும் உலோகமும் வந்ததற்கும் இதில் பெரிய பங்கு உண்டு. கூடவே ஒரு சமூகக் கணக்கும் இருக்கிறது. நிறத்தைக் குழந்தைத்தனம் என்றும் படிக்காதவர் ரசனை என்றும் ஒதுக்கும் மனப்போக்கு மேற்கில் நெடுங்காலமாக உண்டு என்று டேவிட் பேட்ச்லர் 'குரோமோஃபோபியா' என்ற தன் நூலில் வாதிட்டார். நம் ஊரிலும் கிளிப்பச்சை, ரோஸ், கத்தரிப்பூ நிறம் அடித்த வீட்டைப் பார்த்தால் படித்தவர்கள் உதட்டைச் சுழிப்பதுண்டு. வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு என்று ஒரு கேலியும் சேர்ந்து வரும். சாம்பல் நிறம் இங்கே அந்தக் கேலியிலிருந்து தப்பிக்கும் வழியாகவும் விற்பனையாகிறது.

ரசனையை வைத்து இந்தச் சாம்பலோடு சண்டை போட நான் வரவில்லை. அழகாகவும் இருக்கலாம், பல இடங்களில் இருக்கிறது. என் வாதம் வேறு. ஒரு வீட்டின் நிறம் இரண்டு தனித்தனிக் கேள்விகள். உள்ளே அடிக்கும் நிறம் வீட்டுக்காரருக்கும் வெளிச்சத்துக்கும் இடையிலான விஷயம். வெளியே அடிக்கும் நிறம், அதிலும் மொட்டை மாடியின் நிறம், வெயிலுக்கும் கட்டடத்துக்கும் இடையிலான விஷயம். நாம் முதல் கேள்விக்கு மாதக்கணக்கில் யோசிக்கிறோம். ஷேடு கார்டைப் புரட்டி, ஹாலில் எந்தச் சுவரை மட்டும் அடர்நிறமாக விடுவது என்று குடும்பமே கூடி விவாதிக்கிறோம். இரண்டாம் கேள்வியை எலிவேஷன் படம் வரைந்து கொடுக்கும் கணினிக்கு விட்டுவிடுகிறோம். மொட்டை மாடிக்கு ஒரு நிறம் உண்டு என்ற நினைப்பே நமக்கு இல்லை. கண்ணுக்குத் தெரியாத பரப்பு என்பதால் எந்த விளம்பரத்திலும் அது வருவதில்லை. நம் தட்பவெப்பத்தில் வீட்டுக்குள் இருப்பவர்களின் தூக்கத்தைத் தீர்மானிக்கும் நிறம் அதுதான்.

காரணம் சூரியன் நிற்கும் இடம். டிசம்பர் நடுப்பகலில் லண்டனில் சூரியன் அடிவானத்திலிருந்து 15 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. கோபன்ஹேகனில் அதைவிடக் கீழே. அங்கே மாலை நான்கு மணிக்குள் இருட்டிவிடும். ஜன்னல் வழியாக நுழையும் சொற்ப வெளிச்சத்தைச் சிந்தாமல் அறை முழுக்கப் பரப்புவதற்காகத்தான் ஸ்காண்டிநேவிய வீடுகள் உள்ளே வெள்ளையாக இருக்கின்றன. வெளிச்சுவர் கறுப்பாக இருந்தால் அவர்களுக்குக் குளிர்காலத்தில் கொஞ்சம் கதகதப்பு மிச்சம். சென்னை 13 பாகை அட்சரேகையில் இருக்கிறது. இங்கே அதே டிசம்பர் நடுப்பகலில்கூட சூரியன் 53 பாகை உயரத்தில் இருக்கும். ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் அது உச்சந்தலைக்கு நேர் மேலே வந்துவிடுகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நாள்களில் நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்து நிற்பதால், 'வடக்குப் பார்த்த சுவர் குளிர்ச்சி' என்ற புத்தக வாக்கியமும் இங்கே அரைகுறையாகத்தான் பலிக்கும். வெயிலை அதிகம் வாங்குவது முதலில் கூரை, அடுத்து காலையில் கிழக்குச் சுவர், பிற்பகலில் மேற்குச் சுவர். தெற்குச் சுவருக்குக் கோடையில் ஏறக்குறைய விடுமுறை.

அந்தக் கூரை வாங்கும் வெயிலுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தெளிந்த வானத்தில் நடுப்பகல் வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,000 வாட் தருகிறது. 600 சதுர அடி மொட்டை மாடி என்பது 55 சதுர மீட்டருக்குச் சற்று மேல். ஆக, மாடியில் விழுவது சுமார் 55 கிலோவாட். பழைய சிமென்ட் தளம் அதில் முப்பது சதவீதத்தைத் திருப்பி அனுப்பி மீதியை விழுங்கும். அதாவது 38 கிலோவாட்டுக்கு மேல். அதே தளத்தில் நல்ல வெள்ளைப் பூச்சு இருந்தால் விழுங்குவது 14 கிலோவாட் அளவுக்கு இறங்கும். ஒன்றரை டன் ஏசி ஓர் அறையிலிருந்து வெளியேற்றும் வெப்பம் ஐந்து கிலோவாட்தான் என்பதோடு இதை ஒப்பிடுங்கள். விழுங்கிய வெப்பம் முழுவதும் வீட்டுக்குள் இறங்காது, உண்மைதான். பெரும்பகுதி காற்றுக்கும் வானத்துக்கும் திரும்பிவிடும். ஆனால் மீதி, கான்கிரீட்டுக்குள் ஊறி, சில மணி நேரம் பிந்தி அடியில் வந்து சேர்கிறது. வெயில் இறங்கி இரவு ஒன்பது, பத்து மணி ஆன பின்னும் மாடி வீட்டில் மின்விசிறி அனலை வாரி இறைப்பது இதனால்தான். சாதாரணக் கூரைகள் கோடைப் பிற்பகலில் 65 பாகை செல்சியசைத் தொடலாம் என்றும், வெயிலைத் திருப்பும் கூரை அதே நேரத்தில் 28 பாகைக்கு மேல் குறைவாக இருக்கலாம் என்றும் அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. அது கூரையின் மேற்பரப்பைப் பற்றிய கணக்கு; அறைக்குள் குறைவது சில பாகைகள்தான். அந்தச் சில பாகையில்தான் ஒரு குழந்தை தூங்குமா, புரளுமா என்பது இருக்கிறது.

சுவருக்கும் இதே நியாயம்தான். வெளிர்ந்த சந்தன நிறமோ கிரீமோ வெயிலில் பாதிக்கு மேல் திருப்பிவிடும். அடர் சாம்பல் பத்திலொரு பங்கைத் திருப்பினால் அதிகம். அந்த அடர் சாம்பலை நாம் பெரும்பாலும் எங்கே அடிக்கிறோம்? மனை எந்தத் திசை பார்த்தாலும், தெருவைப் பார்த்த முகப்பில். மேற்குப் பார்த்த மனையானால், பிற்பகல் வெயில் நேராக விழும் சுவர் அது. அதற்குப் பின்னால் அநேகமாக ஒரு படுக்கையறை இருக்கும். பெயிண்ட் கடையின் டின்டிங் மெஷினுக்குள் நடப்பதும் இதைத்தான் சொல்கிறது. வெளிர் நிறங்களுக்கு டைட்டானியம் டை ஆக்சைடு நிறைந்த வெள்ளை பேஸில் நாலைந்து துளி நிறமியை விட்டால் போதும். அடர்நிறத்துக்கு அந்த வெள்ளைத் தூள் குறைந்த வேறொரு பேஸ், அதில் நிறைய நிறமி. விலையும் ஏறும். வெயிலைத் திருப்பும் பொருளைக் குறைத்து வாங்குவதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கிறோம். அந்த நிறமி கரிமச் சேர்மமாக இருந்தால் நம் வெயிலில் சீக்கிரம் வெளுத்தும் போகும். காவியும் ஓகர் மஞ்சளும் போன்ற இரும்பு ஆக்சைடுகள்தான் தாக்குப்பிடிக்கும்.

பழைய வீடுகளில் இந்தக் கணக்கை யாரும் வாட்டில் போடவில்லை, ஆனால் விடை சரியாக இருந்தது. புதிதாக அடித்த சுண்ணாம்பு, விழும் வெயிலில் எண்பது சதவீதம்வரை திருப்பிவிடும். இன்றைய விலையுயர்ந்த குளிர்பூச்சுகளுக்கு அது அதிகம் சளைத்ததல்ல. மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்துப் போட்டு, அதன்மேல் தட்டோடு பதிப்பார்கள். தட்டோடு சிவப்புதான், வெள்ளை அல்ல. அங்கே வேலை செய்தது நிறத்தைவிட அந்தக் கனம். செட்டிநாட்டு வீடுகள் இன்னும் நுட்பமானவை. முட்டை வெண்கரு சேர்த்து மெருகேற்றிய வெள்ளைச் சுவர் முற்றத்து வெளிச்சத்தை உள்ளறைவரை கடத்துகிறது. கண் கூசாதபடி தரையில் ஆத்தங்குடி ஓடுகளின் சிவப்பும் பச்சையும், தூணில் பர்மா தேக்கின் கருமை. அடர்நிறம் எல்லாம் நிழலுக்குள். வெயில் படும் இடத்தில் வெளிர் நிறம். இதை மரபின் மேன்மை என்று கொண்டாட வேண்டியதில்லை. சுண்ணாம்பு மலிவாகக் கிடைத்தது, பொங்கலுக்குப் பொங்கல் அடிக்க ஆள் கிடைத்தார்கள், அவ்வளவுதான். கையில் தொட்டால் ஒட்டும், மழையில் கரையும் என்பதால் டிஸ்டெம்பரும் ஸ்னோசெமும் பிறகு எமல்ஷனும் வந்தபோது மக்கள் மாறினார்கள். மாறியது நியாயம். சுவருக்கு மாற்று வந்தது. மாடிக்கு வரவில்லை என்பதுதான் இதில் நாம் விட்ட ஓட்டை. மாடி சிமென்ட் சாம்பலாகவே நின்றுவிட்டது.

உள்ளே திரும்புவோம். உள்ளே எந்த நிறமும் வரலாம். அதற்கும் வெளிச்சம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இன்றைய அடுக்குமாடிக் குடியிருப்பில் சமையலறையும் ஒரு படுக்கையறையும் பெரும்பாலும் குழாய்கள் இறங்கும் டக்டைப் பார்த்துத்தான் ஜன்னல் வைத்திருக்கின்றன. அங்கே வரும் வெளிச்சம் ஏற்கெனவே பல சுவர்களில் அடிபட்டு வருவது. ஓர் அறையின் எல்லாப் பரப்புகளும் ஒளியில் பத்துக்கு எட்டுப் பங்கைத் திருப்புவதாக வைத்துக்கொள்வோம். அவற்றைப் பத்துக்கு நாலு பங்கு திருப்பும் நடுச்சாம்பலாக மாற்றினால், திரும்பத் திரும்ப எதிரொளித்துச் சேரும் வெளிச்சம் பாதியாகும் என்று தோன்றும். கணக்குப்படி அது ஆறில் ஒரு பங்காகிறது. ஒவ்வொரு மோதலிலும் இழப்பு பெருக்கிக்கொண்டே போவதுதான் காரணம். பிறகு காலை பதினொரு மணிக்கும் டியூப்லைட் எரிய வேண்டியிருக்கிறது. அந்த விளக்கும் நம் வீடுகளில் பெரும்பாலும் 6,500 கெல்வின் என்று அச்சிட்ட நீலவெள்ளை. அதன் கீழே பழுப்பு கலந்த சாம்பல், விளம்பரப் படத்தில் தெரிந்த கதகதப்பை இழந்து நோயாளியின் தோல்போலத் தெரியும். படத்தை எடுத்தவர்கள் 3,000 கெல்வினுக்கு அருகில் மஞ்சள் விளக்கைப் போட்டு எடுத்திருப்பார்கள். நிறம் பிடிக்கவில்லை என்று மறுபடி பெயிண்டரைக் கூப்பிடுவதற்கு முன்னால் பல்பை மாற்றிப் பார்ப்பது மலிவு.

வெளிர் நிறத்துக்கு எதிராக முதலில் வரும் ஆட்சேபம், அது அழுக்காகிவிடும் என்பது. சரியான ஆட்சேபம். மழை பெய்தால் சன்ஷேடின் ஓரத்திலிருந்து கறுப்புக் கோடுகள் இறங்கும்; நிழல் பக்கம் பாசி பிடிக்கும்; லாரி போகும் சாலை என்றால் கேட்கவே வேண்டாம். மாடியில் புழுதி படிந்தால் எண்பது சதவீதம் திருப்பிய வெள்ளை சில ஆண்டுகளில் அறுபதுக்கு இறங்கிவிடும். ஆனால் அறுபது என்பது அடர் சாம்பலைவிட ஆறு மடங்காவது இருக்கும். கழுவினால் கொஞ்சம் மீளவும் செய்யும். சுவரில் கோடு இறங்குவது நிறத்தின் குற்றமும் அல்ல, கொத்து வேலையின் குற்றம். சன்ஷேடின் அடியில் தண்ணீர் சொட்டி விழுவதற்கு ஒரு காடி விட்டிருந்தால் அது சுவரைத் தொடாது. இப்போது அந்தக் காடியை வரைபடத்தில் கேட்பவர்களும் இல்லை, விடும் கொத்தனார்களும் குறைவு. அடர் சாம்பலில் அழுக்கு தெரியாது என்பதும் பாதி உண்மைதான். உப்பு பூத்தால் வெள்ளைத் திட்டாக அதில்தான் பளிச்சென்று தெரியும். வெயில் படும் பக்கம் வெளுத்து, படாத பக்கம் அப்படியே நின்று, மூன்றாவது வருஷம் வீடு இரு நிறமாக இருக்கும். டச்சப் செய்தால் ஒட்டுப்போட்டது தனியாகத் தெரியும்.

கண் கூசும் என்பது இரண்டாவது. எதிர்வீட்டின் பளீர் வெள்ளைச் சுவர் நம் ஹாலுக்குள் வெயிலை எறிவதைச் சகிக்க முடியாது. இதை ஒப்புக்கொள்கிறேன், அதனால்தான் சுவரையும் மாடியையும் பிரித்துப் பேச வேண்டும் என்கிறேன். மாடி மேல்நோக்கி இருக்கிறது. அது திருப்பும் வெயில் வானத்துக்குப் போகிறது, அங்கே எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும் நல்லது. பக்கத்தில் உயர்ந்த கட்டடம் இருந்தால் மட்டும் கொஞ்சம் யோசிக்கலாம். சுவருக்குச் சுத்த வெள்ளை வேண்டாம். சந்தனம், வெளிர் மஞ்சள், இளம் காவி, மங்கிய பச்சை என நடுவாந்திர வெளிர்மைக்குள் எத்தனையோ நிறங்கள் இருக்கின்றன. வெளிர் என்பதற்கு நிறமில்லாமை என்று பொருள் கொள்ள வேண்டியதும் இல்லை. படித்தவர்கள் உதட்டைச் சுழிக்கும் அந்த ரோஸ் வீடு, நகரத்து அடர் சாம்பல் வீட்டைவிட வெயிலைக் கூடுதலாகத் திருப்புகிறது.

ஏசி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்பவர்கள் உண்டு. ஏசி வெப்பத்தை அழிப்பதில்லை. உள்ளிருந்து எடுத்துத் தெருவில் கொட்டுகிறது, தன் மோட்டார் சூட்டையும் சேர்த்து. சாம்பல் சுவர் விழுங்கியதை ஏசி வெளியே தள்ள, அதை எதிர்வீட்டு ஜன்னல் வாங்கிக்கொள்ள, அவர்களும் ஏசி வாங்குகிறார்கள். மின் கட்டணம் கட்டுகிறவர் நான், என் வீடு, என் நிறம் என்ற வாதம் இந்த இடத்தில் தடுமாறுகிறது. படுக்கையறைச் சுவரை ஊதா அடித்தால் பக்கத்து வீட்டுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. வெளிச்சுவரும் மாடியும் அப்படி இல்லை. அவை பகலில் வாங்கிய சூட்டை இரவில் தெருவுக்கே திருப்பித் தருகின்றன. மழைநீரைப் பக்கத்து மனைக்குள் விடக்கூடாது என்ற விதியை நாம் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். சூட்டுக்கும் அதே நியாயம் பொருந்தும்.

கட்டடக் கலைஞர்கள் எழுப்பும் எதிர்வாதம் இவற்றைவிட வலுவானது. பெயிண்டால் பெரிய பயன் இல்லை, நிழலும் காப்புப் பொருளும்தான் முக்கியம் என்பார்கள். முக்கால்வாசி சரி. நல்ல தாழ்வாரமோ மரமோ நிழல் தரும் சுவருக்கு எந்த நிறம் அடித்தாலும் நஷ்டமில்லை. பதினான்கு மாடிக் குடியிருப்பில் மொட்டை மாடியை வெள்ளையாக்கினால் பலன் கடைசி மாடிக்காரருக்கு மட்டும்தான். ஃபால்ஸ் சீலிங்கும்கூட, நான் அதைக் கிண்டல் செய்தாலும், கூரைக்கும் அறைக்கும் நடுவே ஒரு காற்றடுக்கை விட்டுக் கொஞ்சம் சூட்டைத் தடுக்கிறது. ஆனால் நிழலுக்கு மனை வேண்டும், காப்புக்குப் பணம் வேண்டும். 800 சதுர அடி மனையில் சுவரோடு சுவர் ஒட்டி ஒரு மாடி எழுப்பியவரிடம் தாழ்வாரம் விடு என்றால் அவர் எங்கே விடுவார்? எப்படியும் பெயிண்ட் அடிக்கத்தான் போகிறார். அப்போது வேறு நிறத்தைத் தேர்வது ஒன்றுதான் அவருக்குச் செலவில்லாமல் கிடைக்கும் வழி. அடர்நிறம் இல்லாமல் முடியவே முடியாது என்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. வெயிலின் ஆற்றலில் ஏறக்குறைய பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. அதை மட்டும் திருப்பி அனுப்பும் நிறமிகள் கலந்த பெயிண்ட் கறுப்பாகத் தெரிந்தாலும் சாதாரணக் கறுப்பு அளவுக்குச் சூடாவதில்லை. விலை அதிகம், பலன் வெளிர் நிறத்துக்கு ஈடாகாது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வீடு கட்டுகிறவர்களுக்கு இந்தக் கட்டுரையில் வேலையே இல்லை. அவர்கள் சாம்பலோ கறுப்போ விரும்பியதை அடித்துக்கொள்ளலாம்.

விலை, விளம்பரம், ரசனை எல்லாம் ஒரு பக்கம் இழுக்கும்போது தனி வீட்டுக்காரரின் நல்லறிவை மட்டும் நம்பியிருக்க முடியாது. தெலங்கானா 2023 ஏப்ரலில் குளிர்கூரைக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. அரசுக் கட்டடங்களுக்கும், 600 சதுர கெஜம் அல்லது அதற்கு மேற்பட்ட மனையில் எழும் வீடுகளுக்கும் வெயிலைத் திருப்பும் கூரையை அது கட்டாயமாக்கியது. 2028க்குள் 300 சதுர கிலோமீட்டர் கூரை என்பது இலக்கு. தமிழ்நாடு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. பெரும்பாக்கத்து வாரியக் குடியிருப்பிலும் அரசுப் பள்ளிகளிலும் வெள்ளைக் கூரைகளைச் சோதித்தும் பார்த்திருக்கிறது. சோதனையை விதியாக மாற்றுவதுதான் பாக்கி. பெயிண்ட் டின்னில் ஒரு எண் வேண்டும் என்பதும் பெரிய கோரிக்கை அல்ல. கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 100 என்று வைத்துச் சூரிய எதிரொளிப்பை அளக்கும் எஸ்ஆர்ஐ என்ற அளவை ஏற்கெனவே உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் 1998இல் தொடங்கிய கூரை மதிப்பீட்டு மன்றம், புதிதாக இருக்கும்போது எவ்வளவு, மூன்று வருஷம் வெயில் மழையில் கிடந்த பின் எவ்வளவு என்று இரண்டு மதிப்பையும் வெளியிடுகிறது. ஏசிக்கும் ஃபிரிட்ஜுக்கும் நட்சத்திரம் ஒட்டத் தெரிந்த நாட்டுக்கு வெளிப்புறப் பெயிண்ட் டின்னில் அப்படி ஒரு எண்ணை அச்சிடச் சொல்வது கடினமில்லை.

ஆனால் எண்ணைப் படித்து வாங்கும் வசதி உள்ளவர்களுக்கு ஏசியும் இருக்கும். முதலில் வெள்ளை ஏற வேண்டிய கூரை அவர்களுடையது அல்ல. 2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீடு 360 சதுர அடி, மூன்றரை லட்சம் ரூபாய், கான்கிரீட் கூரை. குடிசையின் கீற்றுக்குக் கீழே இருந்தவர்கள் மழைக்கு ஒழுகாத வீட்டுக்கு வருகிறார்கள். கூடவே, மாடிமேல் மாடியோ மரநிழலோ இல்லாமல் நேர் வெயிலில் காயும் சாம்பல் தளத்துக்குக் கீழும் வருகிறார்கள். கீற்றைவிட அது கோடை இரவில் சூடு. அந்த வீட்டின் மதிப்பீட்டில் சிமென்டுக்கும் கம்பிக்கும் கதவுக்கும் வரி இருப்பதுபோல, தளத்தின் மேல் இரண்டு கோட்டிங் வெள்ளைக்கும், மூன்று வருஷம் கழித்து மறுபடி அடிப்பதற்கும் ஒரு வரி சேர்த்துவிடலாம். அடுத்த நிதியாண்டின் விலைப்பட்டியலிலேயே அதைச் செய்ய முடியும்.